வதமும் கொலையும்: புனே நிகழ்வுகளில் பழி குறித்த சொற்களும் மொழிபெயர்ப்பும் (1897–1908)

தீங்கு செய்தவனுக்குத் திரும்பத் தீங்கு செய்தல் எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவது. ஆயினும் அச்செயலைக் குறிக்கும் சொற்கள் மொழிதோறும் ஒரே பொருட்பரப்பு உடையன அல்ல. சில மொழிகளில் அச்சொல் அளவைக் குறிக்கும். சிலவற்றில் குற்றத்தைக் குறிக்கும். வேறு சிலவற்றில் கடனைக் குறிக்கும். இவ்வேறுபாடு அகராதிக்குள்ளேயே நின்றுவிடுமாயின் மொழிபெயர்ப்பாளர்க்கு அது ஒரு சிறு இடர்ப்பாடு மட்டுமே. நீதிமன்றத்துக்குள் நுழையும்போது நிலைமை மாறுகிறது. எந்தச் செயல் தொடக்கம், எந்தச் செயல் அதற்கு மறுமொழி என்பதைச் சொல்லே முடிவு செய்யத் தொடங்குகிறது. 1897 முதல் 1908 வரை புனே நகரைச் சுற்றி நடந்தவை இதற்குத் தெளிவான சான்று. தமிழ்நாட்டு நிகழ்வுகள் சிலவும் இவற்றோடு நேர்த்தொடர்பு உடையன.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் இப்பொருளில் வழங்கும் 'ரிட்டாலியேஷன்' என்ற சொல் இலத்தீன் 'தாலியோ' என்பதிலிருந்து வந்தது. செய்ததற்கு நிகரானது, அதற்கு மேற்படாதது என்னும் அளவு அதனுள் பொதிந்துள்ளது. கண்ணுக்குக் கண் என்னும் பழஞ்சட்டம் ஒரு கண்ணுக்கு இரு கண்களைக் கேட்பதைத் தடுப்பதற்காகவும் எழுந்தது என்பதை எண்ண வேண்டும். தமிழில் இதற்கு நேராக வழங்கும் 'பழிவாங்குதல்' என்ற சொல்லில் அளவு இல்லை. பழி மட்டுமே உண்டு. பழி என்பது முதலில் நிந்தை, இகழ்ச்சி; பின்னர்க் கொலை முதலியவற்றால் செய்தவனைப் பற்றிக்கொள்ளும் குற்றம். திருவிளையாடற் புராணத்தின் 'பழியஞ்சின படல'த்தில் பாண்டியன் அஞ்சுவது இந்தக் குற்றத்துக்கே. குற்றமற்ற ஒருவன்மேல் கொலைப்பழி சார்ந்துவிடுமோ, தவறாகத் தண்டித்தால் அது தன்னையே வந்து சேருமோ என்பதே அவன் அச்சம். எனவே 'பழிவாங்கு' என்னும் தொடரில் வாங்கப்படுவது எதிரியின் உயிர் அன்று. அவன்மேல் நிற்கும் பழி. விவிலியத்தைத் தமிழாக்கியோர் கொலையுண்டவனின் உறவினனாய் நின்று கொலைஞனைத் தேடுபவனைப் 'பழிவாங்குகிறவன்' என்றே பெயரிட்டனர். எபிரேயச் சட்டமரபும் தமிழ்ப் பழியும் அங்கே ஓரளவு பொருந்தி நின்றன.

கடன் என்னும் உருவகம் தெற்கில் பரவலாக உள்ளது. தமிழில் வஞ்சம் தீர்த்தல், கணக்குத் தீர்த்தல். தெலுங்கில் 'பக தீர்ச்சுகொனு'. கன்னடத்தில் 'சேடு தீரிசு'. மராத்தி 'சூட் கேணே' என்கிறது. அங்கு வினை 'எடுத்துக்கொள்', தமிழின் 'வாங்கு' போன்றதே. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'பத்லா' அரபு மூலத்தது. மாற்று, பரிமாற்றம் என்பது அதன் பொருள். தமிழில் மிக இயல்பாகிவிட்ட 'பதில்' என்ற சொல்லும் அதே மூலத்திலிருந்து வந்ததே. எனவே செய்தித்தாள்களில் அன்றாடம் காணும் 'பதிலடி'யும் வடக்கின் 'பத்லா'வும் வேரால் உடன்பிறப்புகள். ஆயினும் தமிழ் வழக்கில் அவை வேறு தரத்தன. படைகளும் அரசுகளும் கொடுப்பது பதிலடி. தனியாட்களும் கலகக் குழுக்களும் செய்வது பழிவாங்கல். இவ்வழக்கு விதியாக எழுதப்பட்டதன்று. எனினும் செய்தி மொழிபெயர்ப்பு மேசைகளில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது.

பண்டைப் புறத்திணை மரபு இங்கு ஓர் அரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. புறப்பொருள் வெண்பாமாலையில் ஆநிரை கவர்வோர்க்கு வெட்சியும் மீட்போர்க்குக் கரந்தையும் தனித்தனித் திணைகள். மண் கவரச் செல்வோன் வஞ்சி, காப்போன் காஞ்சி. மதில் முற்றுவோன் உழிஞை, காப்போன் நொச்சி. மறுசெயலுக்கு முதற்செயலிலிருந்து ஆக்கிய பெயர் இல்லை. தனிப் பூவும் தனிப் பெயரும் உண்டு. யார் முதலில் தொடங்கினார் என்பதைச் சூடிய பூவே சொல்லிவிடும். பிற்காலப் பூசல்களில் இவ்வசதி இல்லை. இருதரப்பாரும் கரந்தையையே சூடினர்.

புனேயில் 1897

பம்பாயில் 1896 செப்டம்பரில் கண்டறியப்பட்ட பிளேக் நோய் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் புனேயைப் பற்றியது. 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. அம்மாதத்திலேயே வால்டர் சார்லஸ் ராண்ட் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி புனேயின் பிளேக் குழுவுக்குத் தலைவரானார். மார்ச் முதல் மே வரை வெள்ளைப் படைவீரர்கள் வீடுதோறும் புகுந்து நோயாளிகளைத் தேடினர். ஐயத்துக்கு உரியோர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பொருள்கள் எரிக்கப்பட்டன. பூசை அறையிலும் அடுக்களையிலும் காலணியோடு புகுந்தமை, பெண்களைப் பொது இடத்தில் வைத்துச் சோதித்தமை ஆகியன குறித்துக் கடும் முறையீடுகள் எழுந்தன. நோய்த்தடுப்பு நோக்கில் இந்நடவடிக்கை எவ்வளவு தேவை, எவ்வளவு மிகை என்பது மருத்துவ வரலாற்றாசிரியர்களால் தனியே ஆராயப்பட வேண்டியது. நகர மக்கள் அதனை மருத்துவமாகக் காணவில்லை என்பதே இங்கு வேண்டுவது.

1897 ஜூன் 22ஆம் நாள் விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையில் நடந்தது. இரவில் திரும்பிய ராண்டைச் சிஞ்ச்வடைச் சேர்ந்த தாமோதர் ஹரி சாபேகர் சுட்டார். வேறொரு வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்டைத் தம்பி பாலகிருஷ்ணர் சுட்டார். அயர்ஸ்ட் அவ்விடத்திலேயே மாண்டார். ராண்ட் ஜூலை 3ஆம் நாள் இறந்தார்.

சாபேகர் சகோதரர்களின் தந்தை கீர்த்தனை நிகழ்த்தித் தொழில் நடத்தியவர்; மைந்தர் அவருக்குத் துணை நின்று வளர்ந்தவர்கள். இச்செய்தி மொழியாய்வுக்கு முக்கியமானது. கீர்த்தனைக் கதைகளில் அரக்கரின் முடிவு 'வத்' எனப்படும். தமிழில் கம்ச வதம், கீசக வதம் என்பன போல. மராத்தியில் இச்சொல் புராணத்தோடு நில்லாது வரலாற்றுக்குள்ளும் வந்தது. 1659இல் சிவாஜி பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானைக் கொன்றதை மராத்தியர் 'அப்சல்கானாசா வத்' என்றே கூறுவர். கொலைவழக்கில் வரும் கொலைக்குப் பாரசீகத்திலிருந்து வந்த 'கூன்' என்ற சொல் தனியே உண்டு. இரண்டும் ஓர் உயிரைப் போக்குவதே. ஆனால் 'கூன்' செய்தவன் குற்றவாளி. 'வத்' செய்தவன் அல்லன். பின்னாளில் ராண்டின் முடிவையும் 'ராண்ட்சா வத்' என்று எழுதும் வழக்கு மராத்தியில் நிலைபெற்றது. அயர்ஸ்டின் முடிவை அவ்வாறு தனித்துச் சொல்வது அரிது. 'வத்' என்ற சொல்லுக்குத் தீயோன் ஒருவன் வேண்டும்; அயர்ஸ்ட் அதற்குப் பொருந்தவில்லை. அவர் மரணத்துக்குச் சொல்லில்லாமற் போயிற்று.

தமிழில் இச்சொல்லின் கதை வேறு. 'வதம்' புராணத் தலைப்புகளோடு ஒடுங்கிவிட்டது. 'வதை' என்ற வடிவம் துன்புறுத்தலைக் குறிக்கலாயிற்று. சித்திரவதை, வதைமுகாம் என்பன காண்க. எனவே 'அப்சல்கான் வதை' என்று ஒருவர் தமிழில் எழுதினால் மராத்தி மூலத்துக்கு நேர்மாறாக, இரக்கம் அப்சல்கான் பக்கம் சென்றுவிடும். 'அப்சல்கான் கொலை' என்றால் சிவாஜி குற்றவாளிக் கூண்டில் ஏறுவார். 'அப்சல்கான் வதம்' என்பது பொருளால் அணுக்கமானதே; எனினும் தமிழ்க் காதுக்குக் கதாகாலட்சேப ஒலி உடையது. ஒரே வடசொல் இரு மொழிகளில் இருப்பது மொழிபெயர்ப்பாளர்க்கு உதவியைவிட இடரையே மிகுதியும் தருகிறது.

கேசரி வழக்கு

பால கங்காதர திலகரின் 'கேசரி' 1897 ஜூன் 15ஆம் நாள் இதழில் சிவாஜி விழாச் செய்திகள் வெளியாயின. விழாவில் அப்சல்கானைக் கொன்றது பாவமா என்பது விவாதிக்கப்பட்டது. பயன் கருதாது பொதுநலத்துக்காகச் செய்த செயலின் பழி செய்தவனைச் சாராது என்னும் கீதைவழிக் கருத்து அங்கே சொல்லப்பட்டது. ஏழாம் நாள் ராண்ட் சுடப்பட்டார். ஜூலை 27ஆம் நாள் திலகர் பம்பாயில் கைதானார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்கீழ் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. செப்டம்பர் 8ஆம் நாள் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டிராச்சியின் முன் விசாரணை தொடங்கியது. ஒன்பது ஜூரிகளில் அறுவர் ஐரோப்பியர், மூவர் இந்தியர். தீர்ப்பும் ஆறுக்கு மூன்று என்றே அமைந்தது. பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

ஜூரிகளின் பெரும்பான்மை முன் இருந்தது மராத்திக் கேசரி அன்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. 'வத்' என்பதற்கும் 'கூன்' என்பதற்கும் இடையிலுள்ள அறவேறுபாட்டை ஆங்கிலத்தில் ஒற்றைச் சொற்களால் காட்ட இயலாது. 'கில்லிங்' என்றால் அறச்சார்பு போய்விடும். 'மர்டர்' என்றால் எதிர்ச்சார்பு வந்துவிடும். 'ஸ்லேயிங்' விவிலியப் பழமை உடையது. எதனைத் தெரிந்தாலும் மொழிபெயர்ப்பாளர் ஒரு தரப்பில் நின்றேயாக வேண்டும்.

இவ்வழக்கின் முடிவைத் தீர்மானித்த சொல்லோ மராத்தியது அன்று, ஆங்கிலச் சட்டத்தினது. 124-அ பிரிவு அரசுக்கு எதிராக 'டிஸ்அஃபெக்ஷன்' தூண்டுவதைக் குற்றமாக்கியது. ஸ்டிராச்சி அதற்கு 'அன்பின்மை' என்று பொருள் விரித்தார். பகை, வெறுப்பு, இகழ்ச்சி முதலிய எல்லாத் தீயெண்ணமும் அதனுள் அடங்கும் என்றார். மொழியியலார்க்கு இது கவனிக்கத்தக்க இடம். முன்னொட்டொன்றின் பொருளை நீதிபதி ஆக்கமுறையால் பெற்றார். ஆங்கிலத்திலேயே 'லைக்', 'டிஸ்லைக்' என்னும் இணையில் பின்னது விருப்பமின்மை மட்டும் அன்று, வெறுப்பு. தமிழ் இவ்விரண்டையும் ஒட்டாலேயே வேறுபடுத்தும்: நட்பின்மை வேறு, பகை வேறு. ஆட்சியின்மேல் அன்பில்லாதவன் எல்லாம் ஆட்சிக்குப் பகைவன் அல்லன். 1898ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிரிவின் வாசகத்தை மாற்றி, வெறுப்பையும் இகழ்ச்சியையும் சேர்த்து, இராஜவிசுவாசமின்மையும் பகையுணர்ச்சிகள் அனைத்தும் அச்சொல்லில் அடங்கும் என்று விளக்கம் எழுதியது. ஒரு நீதிபதியின் சொற்பொருள் விளக்கம் ஓராண்டுக்குள் ஏட்டுச் சட்டத்தின் விளக்கத்துக்கு வழிவிட்டது.

இப்பிரிவின் குற்றத்துக்கு இந்திய மொழிகள் கண்ட பெயர் 'இராஜத்துரோகம்'. துரோகம் என்பது நம்பியவரைக் கெடுத்தல். அன்பின்மையைவிட மிகக் கொடியது. ஆங்கில வழக்கில் அரசுமேல் மனக்கசப்பை விளைத்தவன், தமிழ்ச் செய்தியில் அரசனைக் காட்டிக்கொடுத்தவனாகத் தோன்றினான். உச்சநீதிமன்றம் 2022 மே மாதத்தில் இப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவில் அச்சொல் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைக்கும் ஊறு செய்தலைப் பற்றிய 152ஆம் பிரிவு உள்ளது. தமிழ்ப் பேச்சில் 'தேசத்துரோகம்' என்ற சொல் மட்டும் சட்டத்தின் துணையின்றியே நிலைத்துவிட்டது.

பெயரிடப்படாத மறுசெயல்கள்

ராண்டின் மரணத்துக்குப் பின் அரசு செய்தவற்றைச் சொல் நோக்கில் தொகுத்துப் பார்க்கலாம். நாட்டு சகோதரர் எனப்பட்ட புனேச் செல்வர் இருவர், 1827ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குவிதி ஒன்றின்கீழ் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். கூடுதல் காவற்படை ஒன்று நகரில் நிறுத்தப்பட்டு, அதன் செலவு நகர மக்கள்மேல் சுமத்தப்பட்டது. குற்றவாளி யாரென்று தெரியாத நிலையில் ஊர் முழுவதும் பொருள் செலுத்த வேண்டியதாயிற்று. நிர்வாக ஆங்கிலத்தில் இதற்குத் 'தண்டக் காவல்' என்று பொருள்படும் பெயரே உண்டு. பெயரிலேயே தண்டம் வெளிப்படையாக நிற்கிறது. எனினும் இச்செயல் எதற்கும் பழிவாங்கல் என்ற சொல் அரசின் ஏடுகளில் வாராது. அவை ஒழுங்கு, பாதுகாப்பு, முன்னெச்சரிக்கை.

கோபால கிருஷ்ண கோகலேயின் நிலை இன்னும் இக்கட்டானது. வெல்பி ஆணையத்தின்முன் சான்றுரைக்க இங்கிலாந்து சென்றிருந்த அவர், புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பிப் பெண்களுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட வன்கொடுமைகளை ஆங்கிலப் பத்திரிகையில் வெளியிட்டார். திரும்பியபின் சான்று காட்ட எவரும் முன்வரவில்லை. 1897 ஆகஸ்டில் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எழுதியவர்களின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாட்டு சகோதரர்களின் நிலை காட்டியது. சான்று சொல்லத் துணிவோர் இன்மை, சான்றே இன்மையாக ஏட்டில் பதிந்தது. இங்கும் 'இன்மை' என்ற ஒட்டே பணிபுரிந்திருக்கிறது எனலாம்.

திராவிட் சகோதரர்கள்

கொலையாளிகளைப் பற்றித் துப்புக் கொடுப்போர்க்கு 20,000 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. கணேஷ் சங்கர் திராவிட், ராமச்சந்திர திராவிட் என்னும் இரு சகோதரர்கள் தந்த செய்தியால் தாமோதர் பிடிபட்டார். 1898 ஏப்ரல் 18ஆம் நாள் எரவாடாச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். 'திராவிட்' என்பது தெற்கிலிருந்து மராட்டியத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு வழங்கிய பெயர் என்பது தமிழ் வாசகர்க்குச் சிறப்பாகத் தோன்றக்கூடும். இந்நிகழ்வில் அதற்குப் பொருள் ஏதும் இல்லை.

1899 பிப்ரவரியில் ஓரிரவு, காவல் அதிகாரி அழைப்பதாகச் சொல்லித் திராவிட் சகோதரர்கள் வீட்டிலிருந்து வெளியே வரவழைக்கப்பட்டுச் சுடப்பட்டனர். செய்தவர்கள் இளையவரான வாசுதேவ சாபேகரும் நண்பர் மகாதேவ விநாயக ரானடேயும். அவ்வாண்டு மே மாதத்தில் வாசுதேவர், ரானடே, முன்னரே பிடிபட்ட பாலகிருஷ்ணர் ஆகிய மூவரும் சில நாள் இடைவெளியில் தூக்கிலிடப்பட்டனர். உடனிருந்த சாட்டே என்பவர் இளவயதினராதலின் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு குடும்பத்தில் மூன்று மைந்தர், இன்னொரு குடும்பத்தில் இருவர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சித் தொடரில் முழுமையான பொருளில் 'சூட்' எனத் தக்கது இந்த இரண்டாம் செயலே. ராண்டைச் சுட்டவருக்கும் ராண்டுக்கும் தனிப் பகை இல்லை; நகருக்காகச் செய்ததாக அவர் கருதினார். வாசுதேவரோ தம் தமையனின் பழியை வாங்கினார். மக்கள் நினைவு இரண்டையும் ஒரே சொல்லால் போற்றி, ஒரே தியாகத்துள் அடக்கிவிட்டது. அதனால் திராவிட் சகோதரர்களுக்கு இருந்திருக்கக்கூடிய எல்லா விளக்கங்களும் மறைந்து, 'காட்டிக்கொடுத்தவர்' என்ற ஒற்றைப் பெயர் எஞ்சிற்று. முன்பு கண்ட 'துரோகம்' இங்கே திசைமாறி வந்து நிற்கிறது. ஆட்சியாளர் திலகர்மேல் ஏற்றிய சொல்லை மக்கள் திராவிட் சகோதரர்மேல் ஏற்றினர். நச்சிகேத், ஜயு பட்வர்தன் இணையர் 1979இல் எடுத்த மராத்தித் திரைப்படத்துக்கு '22 ஜூன் 1897' என்று தேதியையே பெயராக இட்டனர். 'வத்', 'கூன்' இரண்டுக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டாத தலைப்பு அதுவே.

1908: சாட்சிக் கூண்டில் மொழிபெயர்ப்பு

பதினோராண்டுகளுக்குப்பின் திலகர் மீண்டும் அதே பிரிவின்கீழ் நிறுத்தப்பட்டார். 1908 ஏப்ரல் 30ஆம் நாள் முசபர்பூரில் வீசப்பட்ட வெடிகுண்டைப் பற்றிக் கேசரி எழுதிய கட்டுரைகளே காரணம். 'நாட்டின் துர்பாக்கியம்' என்று பொருள்படும் தலைப்புடையது மே 12ஆம் நாளும், 'இவ்வுபாயங்கள் நிலையானவை அல்ல' என்பது ஜூன் 9ஆம் நாளும் வெளியாயின. அடக்குமுறைக்கு மறுவிளைவாகவே குண்டு தோன்றியது. அதை மேலும் அடக்குமுறையால் போக்க இயலாது என்பது அவற்றின் போக்கு. அதாவது அரசின் செயலை முதற்செயலாகவும் குண்டை மறுசெயலாகவும் அவை வரிசைப்படுத்தின. வழக்கு அவ்வரிசையை மாற்றியது.

திலகர் தமக்குத் தாமே வாதாடினார். அவருடைய எதிருரை இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. மொழிபெயர்ப்பைச் சான்றளிக்க வந்தவரை அவர் சொல் சொல்லாக வினவினார். மராத்தி அறியாத ஜூரிகள் மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு எழுத்தாளனின் உள்ளக்கருத்தை எவ்வாறு துணிவர் என்பது அவர் கேள்வி. இந்தியச் சட்ட வரலாற்றில் மொழிபெயர்ப்பு இவ்வளவு நெடிது குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது அரிது. மொழிபெயர்ப்புக் கல்வியில் இவ்வழக்கேடு பாடமாக வைக்கத்தக்கது. நீதிபதி தாவர், 1897இல் திலகருக்குப் பிணை கேட்டு வாதாடிய வழக்கறிஞர். ஜூரிகளில் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். தீர்ப்பு ஏழுக்கு இரண்டு. ஜூலை 22ஆம் நாள் ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. பம்பாய்த் துணியாலைத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அளவு பொதிந்த மறுசெயல் என்பதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அதே ஆண்டில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். மார்ச் 12ஆம் நாள் அவர்கள் கைதாக, மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. தமிழ்ச் சொற்பொழிவுகளே குற்றமாயின. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள்தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. திலகர் வழக்கில் மூலம் அச்சில் இருந்தது. இரு தரப்பாரும் அதனைச் சுட்டிக் காட்ட இயன்றது. வாய்மொழிச் சொற்பொழிவில் மூலம் காற்றோடு போய்விட்டது. பிறர் எடுத்த குறிப்பும் அதன் ஆங்கிலமுமே எஞ்சின.

தொழிலாளர் போராட்டங்களின் வழியே 'பழிவாங்கல்' தமிழில் இன்னொரு பொருளும் பெற்றது. வேலைநிறுத்தத்தில் கலந்தவனைப் பிறிதொரு காரணம் காட்டி இடமாற்றுதல், ஊதிய உயர்வை நிறுத்துதல், பணிநீக்குதல் ஆகியவற்றைத் தொழிற்சங்கத் தமிழ் 'பழிவாங்கும் நடவடிக்கை' என்கிறது. இதற்கு நேரான ஆங்கிலச் சட்டச்சொல் 'விக்டிமைசேஷன்'. பலியாக்குதல் என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலம் பாதிக்கப்பட்டவனைச் சுட்ட, தமிழ் செய்தவனின் உள்ளத்தைச் சுட்டுகிறது. மராட்டியத்தின் 1971ஆம் ஆண்டுத் தொழிற்சங்க ஏற்பு, முறையற்ற தொழில் நடவடிக்கைத் தடுப்புச் சட்டமும், 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த ஐந்தாம் அட்டவணையும் இத்தகைய பணிநீக்கத்தை முறையற்ற நடவடிக்கையாக வகுத்தன. முற்காலப் புனேயில் அதிகாரத்தின் செயலுக்கு மறுக்கப்பட்ட சொல்லை, தமிழ்த் தொழிலாளி நிர்வாகத்தின்மேல் தயங்காது பயன்படுத்தினான். கொலைப்பழியின் சொல் அலுவலகக் குறிப்பாணைக்கு வந்து சேர்ந்தது பொருட்சரிவே என்று இலக்கணிகள் வருந்தலாம். வழக்கின் நியாயம் வேறு.

ஆஷ், இரு திருநெல்வேலிகள்

1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். சிதம்பரனாரின் துன்பத்துக்குப் பழிவாங்கவே ஆஷ் கொல்லப்பட்டார் என்பது தமிழ்நாட்டுப் பொதுவழக்கு. 1908இல் ஆஷ் தூத்துக்குடியில் பணிபுரிந்தவர் என்பது அதற்கு வலுவூட்டும். வாஞ்சிநாதனிடம் கிடைத்த கடிதமோ சிதம்பரனாரைப் பெயர் சொல்லவில்லை. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டையும் சனாதன தர்மத்தையும் பற்றியே பேசுகிறது. செய்தவன் எழுதிவைத்த காரணத்தை மக்கள் விட்டுவிட்டு வேறொன்றைத் தந்தனர். பழிக்குப் பழி என்ற கதைவடிவம் கேட்போர்க்கு நிறைவு தருவது. முன்னே ஒரு தீங்கு, பின்னே ஒரு தீர்ப்பு. எனினும் தமிழர் இதனை 'ஆஷ் கொலை' என்றே எழுதுகின்றனர், போற்றுவோரும் அவ்வாறே. மராத்தியரின் 'வத்' போன்ற ஒரு புகலிடத்தைத் தமிழ் உரைநடை அமைத்துக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள இன்னொரு திருநெல்வேலியில் 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு இலங்கைப் படையினர் 13 பேர் தாக்குதலில் மாண்டனர். அடுத்த நாள் முதல் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசுத்தலைவர் ஜெயவர்த்தன அதனைச் சிங்கள மக்களின் எதிர்விளைவாக எடுத்துரைத்தார். அவ்வொரு சொல் மூன்று பணிகளைச் செய்தது. தொடக்கத்தை ஜூலை 23ஆம் நாளில் நிறுத்தியது; செய்தோரைச் செய்வோர் என்னும் நிலையிலிருந்து விடுவித்தது; படையினரின் மரணத்தோடு தொடர்பே இல்லாத கொழும்புக் கடைக்காரரை அம்மரணத்துக்குக் கணக்குச் சொல்ல வைத்தது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 33ஆம் பிரிவில், தான் செய்யாத குற்றத்துக்கு ஒருவனைத் தண்டித்தலையும், ஊர்த்தண்டத்தையும், காக்கப்படுவோர்மேல் மறுசெயல் புரிதலையும் ஒரே இடத்தில் விலக்கியது. இம்மூன்றையும் சட்டத் தமிழில் தனித்தனிச் சொற்களால் பெயர்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'பழிவாங்கல்' என்று பெயர்த்தால், விலக்கு செய்தவனின் சினத்தின்மேல் விழுமே தவிரச் செயலின்மேல் விழாது.

மீண்டும் புனே

அமிர்தசரஸ் பொற்கோயிலில் 1984 ஜூனில் இராணுவம் புகுந்தபோது படைத்தலைவராக இருந்த ஜெனரல் அருண்குமார் வைத்யா, 1986 ஜனவரியில் ஓய்வுபெற்றுப் புனேயில் குடியேறினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் காரில் சென்றபோது அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட சுக்தேவ் சிங் சுகா, ஹர்ஜிந்தர் சிங் ஜிந்தா இருவரும் செயலை நீதிமன்றத்தில் ஒப்பினர்; அது குற்றம் என்பதை ஒப்பவில்லை. மராத்தி மட்டுமே அறிந்த ஒருவர் அவர்களின் நிலையை விளக்க வேண்டியிருந்தால், 'கூன்' அன்று, 'வத்' என்கிறார்கள் என்று சொல்லியிருக்கக்கூடும். வைத்யாவைப் போற்றிய அதே நகரில் அச்சொல்லை அவ்வாறு ஆள எவரும் முன்வந்திரார். தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவிலும் அதற்கு இடமில்லை. உச்சநீதிமன்றம் 1992இல் தண்டனையை உறுதி செய்தது. அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள், தாமோதர் சாபேகர் தூக்கிலேறிய எரவாடாச் சிறையில், அவ்விருவரும் தூக்கிலிடப்பட்டனர்.